ஹிமாவும் பாடும்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்து தொடங்குவர். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை, அவர்களுடைய கல்லறைகள், துணி வாணிகம், அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்து குடியேறிய முன்னோர்களைப் பற்றிய வழிவழிச் செய்தி ஆகியவையே நம் கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. இவை எழுதத் தக்கவையே. ஆயினும், கோட்டை இடிந்த பின்னும் இடியாமல் நின்ற ஒன்று அந்த ஏரியில் உண்டு. அது கல்லால் கட்டப்பட்டதன்று, முறையால் கட்டப்பட்டது. அதனைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தோணிரேவு என்னும் மீனவச் சிற்றூருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. தோணி தமிழ்ச்சொல். ரேவு என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும். தமிழும் தெலுங்கும் ஒரே துறையில் தோணி கட்டிய கரை அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டுக்குள்ளும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளும் கிடக்கிறது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல் உவர்நீரைக் கொண்டுவர, இரண்டும் கலந்த இந்நீர்நிலை இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது.

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எல்லாரும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் வலை வீசினால் என்ன என்று அறியாதவனாய்க் கேட்டேன். அவர் நகைத்தார். "ஏரியும் ஒரு மேய்ச்சக்காடுதான் பாய். மடவையப் பாருங்க, மாடு மேயற மாதிரி சேத்துப் பாசிய மேயும். ஊரு மாடு மொத்தமும் ஒரே காட்டுல தினமும் இறங்கினா அடுத்த வருசம் புல்லு ஏது?" என்றார்.

அவர் கூறிய உவமை என்னை உடனே அரபு நூல்களுக்கு அழைத்துச் சென்றது. மேய்ச்சல் நிலத்தை யார், எப்போது, எவ்வளவு பயன்கொள்வது என்னும் வினாவுக்கு அரபு மண்ணில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் பெயர் ஹிமா.

நாய்க்குரைப்பு எட்டிய எல்லை

ஹிமா என்னும் சொல் காத்தல், தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்பது அதன் பொருள். இஸ்லாத்துக்கு முற்பட்ட அறியாமைக் காலத்தில் இது வலியோரின் வேலியாகவே இருந்தது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அவ்வழக்கத்தை விளக்குகிறார்கள். வலிமை மிக்க தலைவன் ஒருவன் செழிப்பான இடத்தைக் கண்டால், அங்குள்ள மேட்டில் ஒரு நாயை ஏற்றிக் குரைக்கச் செய்வான். குரைப்பொலி எத்திசையில் எவ்வளவு தொலைவு கேட்கிறதோ அவ்வளவும் அவனுடைய ஹிமா. அதற்குள் பிறர் கால்நடை நுழையலாகாது. ஆனால் அதற்கு வெளியே உள்ள பொதுமேய்ச்சலில் மட்டும் அவன் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் மந்தையை விடுவான். தன்னுடையது தனக்கு, பிறருடையதிலும் தனக்குப் பங்கு!

இவ்வழக்கத்தின் விளைவை பஸூஸ் போர் காட்டுகிறது. தக்லிப் குலத் தலைவன் குலைப் தன் ஹிமாவுக்குள் புகுந்த ஒரு பெண் ஒட்டகத்தின் மடியில் அம்பெய்தான். அவ்வொட்டகம் பஸூஸ் என்னும் மூதாட்டியின் அடைக்கலத்திலிருந்தது. அவளுடைய உறவினன் ஜஸ்ஸாஸ் குலைபைக் கொன்றான். பக்ரு, தக்லிப் என்னும் உடன்பிறப்புக் குலங்கள் இரண்டும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன என்று அரபு வரலாறு கூறும். ஆண்டுக்கணக்கில் மிகை இருக்கலாம். புல்லுக்காகச் சிந்திய இரத்தத்தில் மிகையில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த ஹிமாவை அடியோடு மாற்றினார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி வேறெவருக்கும் இல்லை என்பது அன்னாரின் அறிவிப்பு. இனி எத்தனிமனிதனும் பொதுமேய்ச்சலைத் தனக்கென வளைக்க முடியாது. பொதுநன்மைக்காக மட்டுமே நிலத்தைக் காக்கலாம் என்று சட்ட அறிஞர்கள் இதற்குப் பொருள் கண்டனர். மதீனாவை அடுத்த நகீஉ என்னும் பள்ளத்தாக்கு அவ்வாறு படைக்குதிரைகளுக்காகக் காக்கப்பட்டது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழியும், மிகுந்த நீரைத் தடுத்து அதன்மூலம் புல்லைத் தடுப்பது கூடாது என்னும் விலக்கும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கவை. கிணற்றை மறித்தால் அதைச் சுற்றியுள்ள புல்வெளி முழுதும் மறிக்கப்பட்டதாகிவிடும் என்பது பாலைநில மக்கள் நன்கறிந்த உண்மை.

ஹுனையிக்கு இட்ட கட்டளை

ஹிமாவின் வரலாற்றில் மணிமுடி போன்ற நிகழ்ச்சி உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்தது. ரபதா முதலிய இடங்களைக் கலீஃபா அவர்கள் ஹிமாவாக்கினார்கள். ஹிமாவின் காவலுக்கு ஹுனையி என்னும் விடுதலை பெற்ற அடிமையை அமர்த்தினார்கள். அப்போது அவருக்கு இட்ட கட்டளையை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கு அஞ்ச வேண்டும். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவனை உள்ளே விட வேண்டும். ஆனால் இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விட்டுவிடலாகாது. அவர்கள் கால்நடைகள் மடிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. எளியவனின் கால்நடை மடிந்தால் அவன் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிது.

இதில் பெயர் சுட்டப்பட்ட இருவரும் யார்? சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகிய பெருந்தோழர்களே! அவர்களுடைய சிறப்பை உமர் (ரலி) அறியாதவரல்லர். ஆயினும் புல்வெளியின் வாயிலில் சிறப்பு வேறு, தேவை வேறு. மேலும், நிலம் அம்மக்களுடையதே என்பதையும், தாம் அதைக் காவல் செய்வதை அவர்கள் கொடுமையாக எண்ணக்கூடும் என்பதையும், பொதுப்பணிக்குரிய கால்நடைகள் இல்லையேல் ஒரு சாண் நிலத்தைக்கூடத் தாம் தடுத்திருக்க மாட்டார் என்பதையும் அதே உரையில் அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் எழுந்த குறைகூறல்களுள் ஹிமாவை விரிவாக்கியதும் ஒன்று. ஸதகா ஒட்டகங்கள் பெருகியமையால் விரிவாக்க நேர்ந்தது என்று அன்னார் விளக்கமளித்தார்கள். காக்கப்பட்ட நிலம் எந்நாளும் கேள்விக்கு உட்பட்டே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

இவ்வாறு வளர்ந்த மரபை 11ஆம் நூற்றாண்டில் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தம் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் ஒரு தனி இயலாகவே தொகுத்துரைத்தார். ஹிமாவில் மேய்ப்பதற்கு ஆட்சியாளன் கட்டணம் பெறலாகாது என்பதும் அதில் அடங்கும்.

புல்லும் எருவும்

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று உழவர் சிலர் கேட்கக்கூடும். மேய்ச்சல் இன்றி எரு இல்லை. எரு இன்றிப் பண்டை உழவு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் 34 அத்தியாயங்களில் இயற்றிய 'கிதாபுல் ஃபிலாஹா' பயிர்த்தொழிலையும் கால்நடை வளர்ப்பையும் ஒரே நூலுக்குள் வைத்தது. எருக்களின் வகை, அவற்றை மக்கவைக்கும் முறை ஆகியவற்றுக்கு அதில் தனி இடம் உண்டு. 1802இல் மத்ரீத் நகரில் அந்நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

நம் நாட்டிலும் இதே உண்மையைக் கண்டவர் உண்டு. பிரிட்டிஷ் அரசு 1889இல் அனுப்பிய வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியலார், நாடெங்கும் சுற்றி 1893இல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவன் அறியாமையால் சாணத்தை எரிக்கவில்லை. விறகு கிடைக்காமையால் எரிக்கிறான் என்று அவர் கண்டார். ஆகவே விறகுக்கும் தீவனத்துக்கும் ஊர்தோறும் ஒதுக்குநிலம் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன் பின்னர் ஆல்பர்ட் ஹோவார்டு என்பவர் இந்தூரில் இருந்து நம் உழவரின் பழக்கங்களைக் கற்று, குப்பையையும் சாணத்தையும் கலந்து மக்கவைக்கும் 'இந்தூர் முறை'யை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகம் போற்றும் இயற்கை வேளாண்மையின் அடிக்கற்களுள் ஒன்று அம்முறை.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கத்தை அறியாதார் இரார். கீதாரியின் மந்தை பகலில் தரிசிலும் புறம்போக்கிலும் மேயும். இரவில் உழவனின் வயலில் அடைபடும். அதன் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரமாகும். கீதாரிக்கு நெல்லோ பணமோ கூலியாகும். பகல் மேய்ந்த பொதுநிலத்தின் செழுமை இரவில் வயலுக்கு வந்து சேர்கிறது. ஆகவே மேய்ச்சல் புறம்போக்கு மறைந்தால் மறைவது புல் மட்டுமன்று. ஆடு குறையும், எரு குறையும், உழவன் உரமூட்டைக்குக் கடன்படுவான். நம்மாழ்வார் (1938–2013) போன்றோரின் உழைப்பால் இயற்கை வேளாண்மைக்கு இன்று மதிப்பு உயர்ந்திருக்கிறது. 2023இல் தமிழ்நாட்டரசு அதற்கெனக் கொள்கையறிக்கையும் வெளியிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் எருவைத் தரும் மேய்ச்சல் நிலத்தைப் பேசாமல் எருவைப் பேசுவது, ஆற்றை மறந்து வாய்க்காலைப் பேசுவது போன்றது.

தனியாருக்கு உரிய மேய்ச்சலாயினும் முறை தவறாமல் காத்த இடமும் நம்மிடம் உண்டு. காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகளையே குறிப்பிடுகிறேன். மழை குறைந்த அம்மண்ணில் கிளுவையை உயிர்வேலியாக வைத்து, நிழலுக்கும் தீவனத்துக்கும் வெள்வேல மரத்தை விட்டு, கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, ஒரு காட்டில் மேயும்போது மறுகாட்டைத் தழையவிடுவர். காங்கேயம் காளையின் புகழுக்கு அப்புல்வெளியே காரணம். மாறி மாறி மேய்த்தல் என்னும் இந்நெறியே ஏரியில் இன்னொரு பெயரில் வாழ்கிறது.

பாடு என்னும் முறை

இனித் தோணிரேவுக் கரைக்குத் திரும்புவோம். பாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் உழைப்பு, துன்பம் என்னும் பொருள்கள் உண்டு. வலையில் கிடைப்பதை மீன்பாடு என்கிறோம். பழவேற்காட்டு ஏரியில் அதுவே வலையிடும் இடத்தையும், அவ்விடத்தை முறைவைத்துப் பகிரும் ஒழுங்கையும் குறிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய குப்பங்களின் பட்டினவ மீனவர் இம்முறையைக் காத்துவந்தனர்.

அதன் நடைமுறை எளிது. நீரோட்டம் மிக்க, இறால் நிறைந்து வரும் இடங்கள் சிலவே. அவற்றை வலியவன் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். ஆகவே உரிமையுடைய குடும்பத் தலைவர்களின் பெயர்கள் ஊரில் பதியப்படும். சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் இடங்கள் ஒதுக்கப்படும். இன்று நல்ல இடம் கிடைத்தவன் தன் முறை முடிந்ததும் வேறிடம் செல்வான். முறை தவறி வலையிட்டவனை ஊர்க்கூட்டம் விசாரித்துத் தண்டம் விதிக்கும். எழுத்தாணியோ முத்திரையோ இல்லாத இச்சட்டத்தின்கீழ், டச்சுக்காரரின் கோட்டை பாழ்பட்ட அதே ஊரில், தலைமுறை தலைமுறையாக மக்கள் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழ்ந்தனர். ஈழத்து நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை மீனவர் இதைப் போன்றே சீட்டெடுத்து முறைவைத்து வாழ்கின்றனர்.

ஆனால் வரலாறு எழுதுவோன் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் வாயில் பிறப்பால் அடைக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட சாதியினர், குறிப்பிட்ட குப்பத்தினர், அவருள்ளும் ஆண்கள் மட்டுமே அதில் உரிமை பெற்றனர். ஏரிக்கரையில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களும், கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளரும் நல்ல இடங்களுக்கு வெளியே நின்றனர். நெடுங்காலம் இது வெளிப்படாத குறையாக இருந்தது. 1969இல் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு ஏவுதளத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்டபின் அங்கிருந்து பெயர்ந்தவர்கள், நிலத்தில் பிழைப்பிழந்து நீருக்கு வந்தவர்கள் ஆகியோர் பெருகினர். நைலான் வலை மலிந்தது. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியது. அதே நேரத்தில் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடுவதால் கடலின் வரவு குன்றி, மீன்வளமும் சுருங்கியது. உள்ளே இருந்தவர் தம் மரபைச் சொன்னார். வெளியே நின்றவர் தம் பசியைச் சொன்னார். பூசல் எழுந்தது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதே இதில் உள்ள துயரம். முறையை உடைத்தால் ஏரி அழியும். வாயிலைத் திறக்காவிடில் எளியவன் அழிவான்.

வேலியா, வாயிலா?

பொதுநிலம் பொதுவாக இருப்பதனாலேயே அழியும் என்று 1968இல் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் எழுதினார். ஒவ்வொரு மேய்ப்பனும் தன் மந்தையில் ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவான். இறுதியில் புல்வெளி பாழாகும் என்பது அவர் வாதம். உலகம் அதை நம்பியது. ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் உலகின் பல பகுதிகளில் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளங்களை நூற்றாண்டுகளாகக் காத்துவருவதை 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தோணிரேவு முதியவருக்கு அவ்வம்மையாரின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை, உண்மை தெரிந்திருந்தது.

ஹார்டின் கண்டது பொதுநிலம் அன்று, விதியற்ற நிலம். அதற்கு அரபு நாடே சான்று. சவூதி அரேபியாவில் குலங்களும் ஊர்களும் காத்துவந்த ஹிமாக்கள் 1953ஆம் ஆண்டு அரசாணையால் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. ஏழை எளியோருக்கு நன்மை விளையும் என்பதே நோக்கமாயிருந்திருக்கலாம். நடந்தது வேறு. காவல் நீங்கியது, லாரிகளில் தண்ணீரும் மந்தையும் ஏற்றிச் செல்ல வசதியுடையோர் முதலில் சென்று மேய்த்தனர், புல்வெளிகள் பல பாழாயின. உமர் ஆர் வேண்டாம் என்று ஹுனையியிடம் சொன்னார்களோ அவர்களே உள்ளே புகுந்தனர் எனலாம். பின்னர் உமர் தர்ராஸ் என்னும் எகிப்திய அறிஞர் 1960களில் அப்பழைய ஹிமாக்களை ஆராய்ந்து, அவை நாகரிகமற்ற பழக்கமல்ல, பாலைக்கேற்ற மேய்ச்சல் அறிவியல் என்று உலகுக்கு எடுத்துரைத்தார். சிரியாவில் ஹிமாவின் பெயராலேயே மேய்ச்சல் கூட்டுறவுகள் அமையவும் அவர் காரணரானார்.

இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குலைபின் ஹிமாவுக்கு வேலி இருந்தது, நீதியில்லை, போர் மூண்டது. 1953க்குப் பின் வாயில் திறந்திருந்தது, காவலில்லை, புல் அழிந்தது. உமர் (ரலி) அவர்களின் ஹிமாவிலோ காவலும் இருந்தது, எளியவனுக்கு வாயிலும் இருந்தது. பாடு என்னும் முறை முன்னதைப் பெற்றிருக்கிறது. பின்னதைப் பெற வேண்டும். சீட்டுக் குலுக்கும் குடத்தில் வெளியே நிற்பவனின் பெயரும் விழ வேண்டும். அதை ஏரிக்கரை மக்கள் கூடிப் பேசி முடிவு செய்வதே முறை. தொலைவில் இருக்கும் அலுவலகம் ஒன்று ஆணையிட்டு முடிக்கும் செயலன்று அது.

நிலத்தில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமித்தோரை அகற்றி அவற்றைக் கிராமத்துக்கே மீட்டளிக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது; கேட்பார்தாம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு எந்தப் புல எண்ணில், எத்தனை ஏக்கர் என்று எழுதப்பட்டிருக்கும். வாசக நேயர்கள் தத்தம் ஊரில் ஒருமுறை அதைக் கேட்டுப் பார்க்கட்டும். பிறகு அந்நிலத்துக்கே நேரில் சென்று பார்க்கட்டும். அங்கே புல் இருக்கிறதா, சீமைக் கருவேலம் இருக்கிறதா, செல்வாக்குடைய ஒருவரின் கட்டடம் இருக்கிறதா என்று கண்டறியட்டும்.

தோணிரேவில் நான் விடைபெறும் வேளையில் அம்முதியவரிடம், அன்று மாலை அவர் வலையிடப் போவாரா என்று கேட்டேன். "இன்னிக்கு என் முறை இல்ல பாய்" என்றார். ஏரியில் மீன் இருந்தது. தோணியும் கரையில் இருந்தது. அவர் வலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.